டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றுவது: முதல் முறை செய்பவர்களுக்கு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். “பைக்கில் பெல்ட் மாற்றணும்” என்று ஒருவர் சொன்னால், அவர் மூன்று பொருள்களில் எதையும் சொல்லலாம். ஸ்கூட்டரில் கியர்பாக்ஸ் செய்ய வேண்டிய வேலையைச் செய்யும் வேரியேட்டர் பெல்ட் ஒன்று. ஹார்லி டேவிட்சன் போன்ற வண்டிகளில் செயின் இருக்க வேண்டிய இடத்தில் நின்று பின்சக்கரத்தை ஓட்டும் பெல்ட் இன்னொன்று. மூன்றாவது, இன்ஜின் மூடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட். முதல் இரண்டில் எது அறுந்தாலும் வண்டி நிற்கும், தள்ளிக்கொண்டு வீடு வந்துவிடலாம். மூன்றாவது அறுந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். நாம் பேசப்போவது அந்த மூன்றாவதைப் பற்றி.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இந்தப் பெல்ட் கிடையாது. அங்கே கேம் ஷாஃப்ட்டைச் செயின்தான் சுழற்றுகிறது. டைமிங் பெல்ட்டுக்குப் பேர்போனவை டுகாட்டிகள். 1970-களின் இறுதியில் அறிமுகமான பான்டா 500-இல் தொடங்கி, மான்ஸ்டர், ஸ்கிராம்ப்ளர் என்று அந்த நிறுவனத்தின் இரட்டை சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் பெல்ட்தான். ஹோண்டாவின் கோல்ட் விங்கில் 1975-இல் வந்த முதல் மாடலிலிருந்து 1500 சிசி மாடல் வரை பெல்ட் இருந்தது. அடுத்து வந்த 1800-இல் செயினுக்கு மாறிவிட்டார்கள். டுகாட்டியும் 2012-இல் வந்த 1199 பனிகாலேயில் பெல்ட்டைக் கைவிட்டு, செயினும் கியரும் சேர்ந்த அமைப்புக்குப் போனது. ஆகவே உங்கள் வண்டியில் பெல்ட் உண்டா இல்லையா என்பதைச் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிராண்ட் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கீழே நான் சொல்வது காற்றால் குளிரும், சிலிண்டருக்கு இரண்டு வால்வு கொண்ட டுகாட்டி இன்ஜினை வைத்து. முதல் முறை செய்பவருக்கு இதைவிட எளிய டைமிங் பெல்ட் இன்ஜின் எனக்குத் தெரிந்து இல்லை. நான்கு வால்வு மாடல்களில் ஒரு சிலிண்டர் தலைக்கு (சிலிண்டரின் மேல்மூடி, வால்வுகள் இருக்கும் இடம்) இரண்டு கேம் ஷாஃப்ட், ஆக மொத்தம் நான்கு கேம் புல்லி. அவற்றைப் பிடித்து நிறுத்தத் தனி லாக் கருவி வேண்டும். அதை இரண்டாவது பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட் என்ன செய்கிறது, ஏன் இவ்வளவு பயம்

இன்ஜினில் இரண்டு சிலிண்டர். ஒன்று கிட்டத்தட்டப் படுத்தபடி முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், மற்றொன்று நிமிர்ந்து நிற்கும். இரண்டுக்கும் இடையே 90 டிகிரி. இரண்டும் சேரும் மூலையில், வண்டியின் வலப்பக்கம், ஒரு ஷாஃப்ட்டின் நுனியில் இரண்டு புல்லிகள் அடுத்தடுத்து இருக்கும். அதை நடுப் புல்லி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஒரு பெல்ட் படுத்த சிலிண்டரின் கேம் புல்லிக்கும், இன்னொரு பெல்ட் நிமிர்ந்த சிலிண்டரின் கேம் புல்லிக்கும் போகிறது. ஒவ்வொரு பெல்ட்டுக்கும் நிலையான ரோலர் ஒன்று, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும், நகர்த்தக்கூடிய டென்ஷனர் ஒன்று.

பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். டுகாட்டியில் இந்த இரண்டுக்கு ஒன்று கணக்கை நடுப் புல்லிக்கு முன்பே, உள்ளே இருக்கும் கியர்கள் முடித்துவிடுகின்றன. நடுப் புல்லியே கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. இது மனதில் நிற்கட்டும், பின்னால் குறி பார்க்கும்போது தேவைப்படும்.

பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், கிராங்க் நிற்காது. திறந்த நிலையில் நின்றுபோன வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனே ஓட்டையாகும். பெல்ட் அறுந்துபோகக்கூட வேண்டாம், தளர்ந்து இரண்டு மூன்று பல் தாண்டினாலே இந்த நிலைமை வரலாம். ஒரு கணக்கு: புல்லியில் 20 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தவறினால் கேம் 18 டிகிரி பிசகும். கிராங்க் கணக்கில் அது 36 டிகிரி. இன்ஜின் ஸ்டார்ட் ஆகலாம், ஆனால் ஓடுகிற விதமே சரியிருக்காது.

அதனால்தான் இந்த வேலையில் ஸ்பேனர் பிடிக்கும் நேரம் குறைவு, குறி பார்க்கும் நேரம் அதிகம். போல்ட்டைக் கழற்றுவதும் பூட்டுவதும் யாருக்கும் வரும். பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு அரை மணி, மாட்டிய பின் ஒரு அரை மணி, இந்த இரண்டையும் யார் ஒழுங்காகச் செலவழிக்கிறாரோ அவருடைய இன்ஜின் பிழைக்கும்.

எப்போது மாற்ற வேண்டும்

பழைய மாடல்களின் மேனுவலில் 20,000 கி.மீ. அல்லது 2 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும். பிற்கால மாடல்கள் சிலவற்றில் 5 ஆண்டு வரை நீட்டியிருக்கிறார்கள். உங்கள் மாடலுக்கு உரிய எண்ணையே பின்பற்றுங்கள். “ஓட்டவே இல்லையே, கொட்டகையில்தானே நின்றது” என்பது இங்கே செல்லாது. நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் பெல்ட் அந்தச் சின்ன ரோலர்களைச் சுற்றி ஒரே இடத்தில் மடங்கியபடி இருக்கிறது, ரப்பரும் வயதாகிறது. செகண்ட் ஹாண்ட் வண்டி வாங்கி, பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விற்றவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய பாக நம்பருடன் இரண்டு பெல்ட். ஒன்றை மட்டும் மாற்றும் பேச்சே வேண்டாம். அலன் கீ செட், ஸ்பார்க் பிளக் சாக்கெட், சின்ன விசைகளை அளக்கும் டார்க் ரெஞ்ச், வெள்ளை அல்லது மஞ்சள் பெயின்ட் பேனா, நல்ல டார்ச், சுத்தமான துணி, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் பேடாக் ஸ்டாண்ட், படம் எடுக்க மொபைல்.

டார்க் ரெஞ்ச் பற்றி ஒரு வார்த்தை. கார் சக்கரம் பூட்டும் பெரிய ரெஞ்ச் இதற்கு உதவாது. இங்கே எல்லாமே அலுமினியத்துக்குள் இறங்கும் சின்ன போல்ட்கள். பெரிய ரெஞ்ச் ‘க்ளிக்’ என்று சொல்வதற்கு முன்பே மரை போய்விடும்.

புது பெல்ட்டைக் கையாளும் விதமும் முக்கியம். உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் இருக்கின்றன. பெல்ட்டை இறுக்கமாக மடிக்காதீர்கள், முறுக்காதீர்கள், உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்க்காதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இழை உடைந்திருக்கும். எண்ணெய், பெட்ரோல், கிரீஸ் எதுவும் அதன்மேல் படக்கூடாது. மாட்டும் நிமிடம் வரை உறையிலேயே இருக்கட்டும்.

திறப்பது

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தைய இரவு நிறுத்திய வண்டியை மறுநாள் காலையில் தொடுவது சிறந்தது. சுடுவதைப் பற்றிய கவலை மட்டும் இல்லை. அலுமினியம் சூட்டில் விரியும், சிலிண்டர் நீளும், பெல்ட் தானாகவே இறுகும். சூடான இன்ஜினில் இழுவிசையைச் சரிசெய்தால் ஆறியதும் பெல்ட் தளர்ந்திருக்கும்.

முதலில் வண்டியைத் துடையுங்கள், குறிப்பாகப் பெல்ட் மூடிகளைச் சுற்றியும் ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியும். அங்கே தேங்கிய மணலும் சிறு கற்களும் பிளக்கைக் கழற்றியதும் நேராக சிலிண்டருக்குள் விழக் காத்திருக்கின்றன. அப்புறம் ஸ்டாண்டில் ஏற்றி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். நிமிர்ந்த சிலிண்டரை அணுகப் பெட்ரோல் டேங்கைத் தூக்க வேண்டிவரும். சில மாடல்களில் அது கீலில் நிமிர்ந்து நிற்கும், சிலவற்றில் முழுக்கக் கழற்ற வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் தீ எதுவும் வேண்டாம். முன்னால் ஆயில் கூலர் வழியை மறித்தால் அதன் போல்ட்களை மட்டும் எடுத்து ஓரமாக நகர்த்தினால் போதும், குழாய்களைக் கழற்றத் தேவையில்லை.

பெல்ட் மூடிகள் பிளாஸ்டிக். போல்ட்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் மூடியின் உருவத்தைத் தோராயமாக வரைந்து, எந்த இடத்து போல்ட்டோ அந்த இடத்தில் ஓட்டை போட்டுச் செருகிவையுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். மாலையில் கையில் ஒரு போல்ட் மிச்சமாக நிற்கும்போது அருமை தெரியும்.

கடைசியாக, ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, துளைகளில் துணியை லேசாக அடையுங்கள், உள்ளே போய்விடாத அளவுக்குப் பெரிய துணியாக. பிளக் இல்லாவிட்டால் காற்றழுத்தம் இருக்காது, இன்ஜினைக் கையால் சுற்றுவது பஞ்சாக இருக்கும்.

குறிகளைச் சேர்ப்பது

இதுதான் வேலையின் மையம். பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று புல்லிகளிலும் ஒவ்வொரு குறி உண்டு. நடுப் புல்லியின் குறி இன்ஜின் மூடியில் உள்ள குறிக்கு நேராகவும், கேம் புல்லிகளின் குறிகள் பின்னால் நிற்கும் மூடியிலோ தலையிலோ உள்ள குறிகளுக்கு நேராகவும் வர வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் நேராக நிற்கும்போது, படுத்த சிலிண்டரின் பிஸ்டன் காற்றை அழுத்தி முடித்து உச்சியில் இருக்கும், அதன் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். நிமிர்ந்த சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்காது, பாதி வழியில் எங்கோ நிற்கும். இன்ஜினுக்கு இதுதான் பாதுகாப்பான நிலை.

அங்கே எப்படிக் கொண்டுபோவது? கிராங்க்கை நேரடியாகச் சுற்ற இடப்பக்க மூடி வழியாகச் செருகும் கருவி இருக்கிறது. அது இல்லாவிட்டால் கடைசி கியரைப் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். சக்கரம் முன்னோக்கிப் போனால் இன்ஜினும் தன் சரியான திசையில் சுற்றுகிறது என்று பொருள். கடைசி கியரிலேயே சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கிராங்க் சுமார் நான்கு சுற்று சுற்றிவிடும். ஒரு சாண் இழுத்தாலே குறி தாண்டிப் போய்விடும். எனவே டயரைப் பிடித்து விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்துங்கள்.

துணைக்கு ஆள் இருந்தால் நல்லது. நான் முதல்முறை செய்தபோது தம்பியைச் சக்கரத்தில் உட்கார வைத்துவிட்டு, டார்ச்சும் கையுமாக வலப்பக்கம் குனிந்திருந்தேன். “வருது... வருது... நிறுத்து” என்பேன். நான் ‘நிறுத்து’ என்று சொல்லி முடிப்பதற்குள் குறி அரை அங்குலம் தாண்டியிருக்கும். “நீ சொன்னவுடனே நிறுத்திட்டேண்ணா” என்பான் அவன். ஐந்தாறு முறை இப்படி. கடைசியில் இருவரும் இடம் மாறிக்கொண்டோம், அப்போதுதான் அவன் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது. குறி வந்தபின் சொல்லக்கூடாது, வருவதற்கு முன்பே ‘மெதுவா’ என்று சொல்ல வேண்டும்.

இடப்பக்க மூடியில் உள்ள கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தால், கிராங்க்கோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலிலும் ஒரு குறி தெரியும். அது கிராங்க்கின் குறி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வரும். நடுப் புல்லியோ பாதி வேகம், அதன் குறி இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும். ஆக, ஃப்ளைவீல் குறி சரியாக நின்று நடுப் புல்லியின் குறி எதிர்ப்பக்கம் போய் நின்றால் பதற வேண்டாம். கிராங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், எல்லாம் ஒன்றுகூடும். சந்தேகமாக இருந்தால், படுத்த சிலிண்டரின் பிளக் துளையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு இன்ஜினைச் சுற்றச் சொல்லுங்கள். குறிகள் நெருங்கும்போது காற்று விரலைத் தள்ளினால் அதுதான் அழுத்தும் சுற்று.

குறியை எங்கிருந்து பார்க்கிறீர்கள் என்பதும் கணக்கு. மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் சரியாக நிற்கும் குறி தள்ளி நிற்பதுபோலவும், தள்ளி நிற்பது சரியாக நிற்பதுபோலவும் தெரியும். கண் புல்லியின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். கண்ணை அந்த உயரத்துக்குக் கொண்டுபோக முடியாத இடத்தில் மொபைலை நேராக நீட்டிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இன்னொன்று, குறி எது என்பதில் தெளிவாக இருங்கள். நடுப் புல்லியின் பக்கத்தில் வருடக்கணக்கான அழுக்கு படிந்திருக்கும். என் கதை அதில்தான் நடந்தது. மூடியின் வார்ப்பில் இருந்த ஒரு கோட்டைக் குறி என்று நம்பி, அதற்கு நேராக நிறுத்தி, ‘கேம் குறிகள் ஏன் ஒட்டவில்லை’ என்று அரை மணி மண்டையை உடைத்துக்கொண்டேன். பழைய பெல்ட் தாண்டியிருக்கிறது என்றே முடிவுகட்டிவிட்டேன். நல்லவேளை, கழற்றுவதற்கு முன் ஒரு துணியைப் பிரேக் கிளீனரில் நனைத்துத் துடைத்தேன். அழுக்குக்கு அடியிலிருந்து உண்மையான குறி, ஒரு சின்னப் புள்ளி, வெளியே வந்தது. குறிகள் ஒட்டவில்லையென்றால் முதலில் உங்கள் கண்ணைச் சந்தேகப்படுங்கள், பிறகு பெல்ட்டை.

மூன்றும் சேர்ந்துவிட்டதா? இப்போது படம் எடுங்கள். ஒவ்வொரு புல்லியையும் நேராக ஒன்று, முழுதாகப் பெல்ட் போகும் வழி தெரிய ஒன்று. பெயின்ட் பேனாவால் ஒவ்வொரு புல்லியின் ஒரு பல்லிலும், அதில் உட்கார்ந்திருக்கும் பெல்ட்டின் இடத்திலும், பின்னால் உள்ள அசையாத பாகத்திலும் ஒரே நேர்க்கோட்டில் கோடு போடுங்கள். தொழிற்சாலைக் குறி இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். பழைய பெல்ட்டில் இரண்டு கோடுகளுக்கும் இடையே எத்தனை பல் என்று எண்ணிப் புதுப் பெல்ட்டிலும் அதே எண்ணிக்கையில் கோடு போட்டுவிட்டால், மாட்டும்போது தவறு நடக்கவே இடமில்லை. நான் இருமுறை எண்ணுவேன், இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது முறையும் எண்ணுவேன்.

கழற்றுவது

இனி சக்கரத்தைத் தொடக்கூடாது. கியரிலிருந்து நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள், யாராவது வண்டியில் இடித்துச் சக்கரம் அசைந்தாலும் கிராங்க் அசையாது. பெல்ட் இல்லாத நேரத்தில் கிராங்க்கைச் சுற்றினால், அறுந்த பெல்ட்டால் வரும் அதே விபத்தை நீங்களே கையால் செய்கிறீர்கள்.

டென்ஷனரின் போல்ட்களைத் தளர்த்தி, டென்ஷனரைப் பெல்ட்டிலிருந்து விலக்கித் தள்ளுங்கள். முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை. பெல்ட் தொளதொளவென்று ஆனதும் முதலில் கேம் புல்லியிலிருந்து, பிறகு நடுப் புல்லியிலிருந்து இழுத்தெடுங்கள். நடுப் புல்லியில் வெளிப்பக்கம் இருக்கும் பெல்ட் முதலில் வரும், உள்பக்கத்தது பிறகு. மாட்டும்போது இது தலைகீழ். ஸ்க்ரூ டிரைவரை நெம்புகோலாக வைத்து நெம்பாதீர்கள். பெல்ட் குப்பைக்குப் போகிறது, சரி, ஆனால் புல்லியின் பல் கீறினால் அது அடுத்த பெல்ட்டைத் தின்னும்.

சாதாரண இன்ஜினில் வால்வை மூட வலுவான ஸ்பிரிங் இருக்கும். பெல்ட்டை எடுத்ததும் அது கேம் ஷாஃப்ட்டை ‘படக்’ என்று திருப்பிவிடும். டுகாட்டியின் டெஸ்மோ அமைப்பில் வால்வைத் திறக்க ஒரு ராக்கர் (கேம் அசைக்கும் சின்ன நெம்புகோல்), மூட இன்னொரு ராக்கர். அந்த வலுவான ஸ்பிரிங் கிடையாது. எனவே கேம் புல்லி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். சற்று நகர்ந்தாலும் பயப்பட வேண்டாம். நீங்கள் போட்ட கோட்டுக்கு, குறுகிய வழியாக, கையால் மெல்லத் திருப்பிவிடுங்கள். ஏதாவது தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் காட்ட வேண்டிய இடம் இது இல்லை.

உள்ளே ஒரு பார்வை

பெல்ட் இல்லாத இந்த அரை மணி நேரம் கிடைப்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரோலரையும் விரலால் சுற்றுங்கள். மௌனமாக, வழுவழுவென்று சுற்ற வேண்டும். மணல் அரைபடுவதுபோல் ஒரு நறநறப்பு விரலில் தெரிந்தாலோ, இடமும் வலமும் ஆடினாலோ அதன் பேரிங் போய்விட்டது. புது பெல்ட்டைப் பழுதான ரோலரில் மாட்டுவதில் பொருளே இல்லை. பெல்ட் நல்ல நிலையில் இருந்தும் ரோலர் இறுகிப்போனால் முடிவு ஒன்றுதான்.

கேம் புல்லிகளுக்குப் பின்னாலும் நடுப் புல்லிக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்க் கசிவு இருந்தால் ஆயில் சீல் மாற்ற வேண்டும். அதற்குப் புல்லியைக் கழற்ற வேண்டியிருக்கும், தனிக் கருவியும் வேண்டும். அந்தக் கட்டத்தில் நல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் அவமானம் எதுவும் இல்லை. ‘லேசாகத்தானே கசிகிறது’ என்று மூடிவிட்டால் அந்த எண்ணெய் புது பெல்ட்டின் ரப்பரைச் சாப்பிட ஆரம்பிக்கும்.

எடுத்த பெல்ட்டையும் பாருங்கள். அதை மட்டும் நன்றாக வளைத்துப் பார்க்கலாம். பல்லின் அடியில் மெல்லிய கீறல்கள், ஓரத்தில் பிசிறு, பளபளவென்று தேய்ந்த முதுகு. ஓரம் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தால் ஏதோ ஒரு ரோலர் நேராக நிற்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, புதிதுபோல இருக்கும். அதைப் பார்த்து ‘வீணாக மாற்றிவிட்டோமோ’ என்று நினைத்து ஸ்பேராக எடுத்து வைக்காதீர்கள்.

மாட்டுவது

பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துகள் வெளியிலிருந்து படிக்கும்படி மாட்டுங்கள். கை சுத்தமாக இருக்கட்டும்.

உள்பக்கப் பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் நடுப் புல்லியில் கோட்டுக்குக் கோடு உட்காரவையுங்கள். அப்புறம், டென்ஷனர் இல்லாத பக்கம் வழியாகப் பெல்ட்டை விறைப்பாக இழுத்துக்கொண்டுபோய்க் கேம் புல்லியில் கோட்டுக்குக் கோடு மாட்டுங்கள். அந்தப் பக்கத்தில் துளியும் தொய்வு இருக்கக்கூடாது. மிச்சமுள்ள தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் சேர வேண்டும், அதைத்தான் டென்ஷனர் இழுத்து எடுக்கப்போகிறது. புதியவர்கள் ஒரு பல் தவறுவது இங்கேதான். எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் தொய்வை விட்டுவிட்டு டென்ஷனரை இறுக்குவார்கள், இறுக்கும்போது கேம் புல்லி திரும்பும், குறி ஓடிப்போகும்.

டென்ஷனரைக் கையால் பெல்ட்டின் மேல் அழுத்தி, நழுவாத அளவுக்கு போல்ட்டைப் பிடிக்கச் செய்துவிட்டு, அடுத்த பெல்ட்டையும் அதேபோல் மாட்டுங்கள். மூன்று குறிகளையும் மீண்டும் பாருங்கள்.

இழுவிசை

அளவுக்கு மேல் இறுகினால் பெல்ட் ஊளையிடும், பேரிங்குகள் சீக்கிரம் தேயும். தளர்ந்தால் பல் தாண்டும். சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய வழி அலன் கீ. நிலையான ரோலருக்கும் பெல்ட்டுக்கும் இடையே குறிப்பிட்ட தடிமனுள்ள அலன் கீ லேசான உராய்வுடன் நுழைந்து வர வேண்டும். எந்த அளவு என்பது மாடலுக்கு மாடல் வேறு. தோராயமாகச் சரிபார்க்க இது போதும், ஆனால் ‘லேசான உராய்வு’ என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

எனக்குப் பிடித்த வழி ஒலி. இறுக்கிய பெல்ட்டும் ஒரு தந்திதான். அதன் நீளமான பகுதியை விரலால் மீட்டினால் ஒரு தாழ்ந்த ‘டும்’ வரும். அதன் அதிர்வெண்ணை மொபைலில் இசைக்கருவி சுருதி பார்க்கும் செயலியில் படிக்கலாம். எத்தனை ஹெர்ட்ஸ் வேண்டும் என்று மேனுவலில் இருக்கும். உங்கள் மாடலுக்கு 110 என்று போட்டிருந்தால், அது கிட்டாரின் ஐந்தாவது தந்தியின் சுருதி, காதாலேயே கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். மின்விசிறியை நிறுத்துங்கள், மைக்கைப் பெல்ட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் பிடியுங்கள். ஒரே அளவை நம்பாமல் ஐந்தாறு முறை மீட்டிப் பாருங்கள். இரண்டு மடங்கு எண் ஒன்று திடீரென்று வந்தால் அது மேல்சுருதியை மைக் பிடித்ததால் வருவது, விட்டுவிடுங்கள்.

அளப்பது எளிது, அங்கே நிறுத்துவதுதான் சிரமம். டென்ஷனரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை இறுக்குவீர்கள். இறுக்கும் அந்தக் கடைசிக் கால் சுற்றில் டென்ஷனர் ஒரு மயிரிழை நகரும், எண் மாறிவிடும். தளர்த்தி, சற்றுக் குறைவாகத் தள்ளி, மறுபடி இறுக்கி, மறுபடி மீட்டி... முதல்முறை ஒரு பெல்ட்டுக்கு எனக்கு எட்டுத் தடவை ஆனது. போல்ட் இறுகும்போது எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த பெல்ட் இரண்டு மூன்று தடவையில் முடிந்துவிடும். கடைசியில் மேனுவல் சொல்லும் விசையில் டார்க் ரெஞ்ச்சால் பூட்டுங்கள், பூட்டிய பிறகு மீண்டும் ஒருமுறை மீட்டிப் பாருங்கள்.

கையால் சுற்றுவது

ஸ்டார்ட்டர் பட்டனை மறந்துவிடுங்கள். கடைசி கியரைப் போட்டு, சக்கரத்தை முன்னோக்கி, மிக மெதுவாகச் சுற்றுங்கள். கிராங்க் இரண்டு முழுச் சுற்று வந்தால் குறிகள் மறுபடி ஒன்றுசேர வேண்டும்.

இந்த நேரத்தில் கை சொல்வதைக் கவனியுங்கள். டெஸ்மோ இன்ஜினில் வால்வு திறக்கும் இடங்களில் லேசான ஏற்ற இறக்கம் தெரியும், அது இயல்பு. உலோகத்தில் உலோகம் முட்டியதுபோல் ‘டக்’ என்று கெட்டியாக நின்றால் உடனே கையை எடுங்கள். அதைத் தாண்டித் தள்ளக்கூடாது. சற்றுப் பின்னோக்கி வந்து, பெல்ட்டைத் தளர்த்தி, குறிகளை முதலிலிருந்து பாருங்கள். கையால் சுற்றும் வேகத்தில் முட்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது முட்டினால் வால்வு மிஞ்சாது.

நான் இரண்டு சுற்றோடு நிறுத்துவதில்லை, பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுவேன். பெல்ட் தன் இடத்தில் நன்றாக உட்காரும். பிறகு குறிகள், பிறகு மறுபடி இழுவிசை. முதலில் அளந்ததற்கும் இப்போது அளப்பதற்கும் வித்தியாசம் இருக்கும், இதுதான் உண்மையான எண். அளக்கும்போது குறிகள் சேர்ந்த நிலையில், முன்னோக்கிச் சுற்றிவந்து நிறுத்தியிருக்க வேண்டும். தாண்டிப்போய்ப் பின்னோக்கி இழுத்து நிறுத்தினால் தொய்வு வேறு பக்கம் போய்விடும், எண் பொய் சொல்லும்.

குறி ஒரு மயிரிழை தள்ளி நிற்பதாகத் தோன்றுகிறதா? ஒரு பல் தவறினால் அது மயிரிழையாக இருக்காது, பார்த்தவுடனே தெரியும் அளவுக்குத் தள்ளி நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் டென்ஷனரைத் தளர்த்தி அந்தப் பெல்ட்டை மட்டும் வேண்டுமென்றே ஒரு பல் மாற்றி மாட்டிப் பாருங்கள், இன்ஜினைச் சுற்றாமல். இன்னும் மோசமாகத் தெரிந்தால் முன்பிருந்ததே சரி.

மூடுவது

பெல்ட்களுக்குள் துணி, வாஷர், பேனா மூடி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு மூடிகளைப் பூட்டுங்கள். போல்ட்களை விரலால் தொடங்கி, அலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இறுக்கினால் போதும். துளைகளில் அடைத்த துணியை எடுக்க மறக்காதீர்கள். பிளக்குகளைக் கையாலேயே நான்கைந்து மரை ஏற்றிவிட்டுப் பிறகு ரெஞ்ச்சால் பூட்டுங்கள். டேங்க், குழாய்கள், பேட்டரி.

முதல் ஸ்டார்ட்டில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். ஐடிலில் விட்டு, வலப்பக்கம் காதைக் கொடுங்கள். சீராக ஓட வேண்டும். மூடியில் எதுவோ உரசும் சத்தமோ, ஊளையோ கேட்டால் அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

ஒரு டேப்பில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். புது பெல்ட் ஆரம்பத்தில் சற்றுத் தளரும் என்பதால், 1,000 கி.மீ. ஓடியதும் ஒரு காலை நேரத்தில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, மூடிகளை மட்டும் திறந்து மறுபடி ஒருமுறை மீட்டிப் பார்ப்பேன். அந்த எண்ணையும் அதே டேப்பில் பக்கத்தில் எழுதிவைப்பது வழக்கம்.